மூன்றாவது பனி

விதைப் பொட்டலத்தின் முதுகில்
பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை.
டொரண்டோவிலிருந்து நாத்தனார் ஜெசிந்தா
போனில் படித்துச் சொன்னாள்:
கடைசி உறைபனி கழிந்து
இரண்டு வாரம் பொறுத்து நடு.

அணைக்கரைக்கு மேற்கே, கொள்ளிடப் படுகையில்
எந்தப் பனி உறையும்?
பிரிட்ஜில் மீன் வைக்கிற தட்டைச் சொல்றியா என்றேன்.
சிரித்தாள்.
அங்கே ஒரே ராத்திரியில்
தக்காளி நாற்று வெந்த கீரைபோல் சரிந்துவிடுமாம்.

ஒரே ராத்திரி எனக்கும் தெரியும்.
போன வருடம், ஐப்பசி இருபத்து மூன்று.
கிலோ அறுபது விற்கும்போதே சந்தைக்குப் போய்விடலாமென்று
முந்திக்கொண்டு நட்டிருந்தேன்,
ஆயிரத்து எண்ணூறு நாற்று.
முக்கொம்பில் மதகு தூக்கின சேதி
வாட்ஸப்பில் வந்தது இரவு பதினொன்றுக்கு.
தூக்கி ஒரு நாள் ஆகியிருந்தது.
விடிந்தால், வேலிக்கம்பு நுனியில்
யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் கூடை.
சங்கத்தில் அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி ஓடுகிறது.

மோட்டார் கொட்டகைச் சுவரில்
கடைசி மழையைக் கரியால் எழுதி வைக்கிறேன்.
கார்த்திகை 29. மார்கழி 11. மார்கழி 4.
தை 6, பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தை
(அது சவரிமுத்து எழுதியது, என் கையெழுத்தல்ல).
ஏழு வருடத்தையும் கூட்டி வகுத்தால்
ஒரு தேதி வருகிறது.
அந்தத் தேதியில் எந்த வருடமும் மழை நின்றதில்லை.

குழித்தட்டில் நாற்றுக்கு இன்று இருபத்தெட்டு நாள்.
முப்பத்தைந்து தாண்டினால் கழுத்து நீண்டுவிடும்,
பெஞ்சில் கால் அடங்காமல் வளர்ந்த பிள்ளைபோல.
லூர்துராஜ் முந்தாநாளே நட்டுவிட்டான்.
‘என்னக்கா, முகூர்த்தம் பாக்குறியா?’
வங்கக்கடலில் ஒரு சுழற்சியாம்,
வலுப்பெறலாம், பெறாமலும் போகலாம்.
இரண்டையும் சொல்லிச் சம்பளம் வாங்க
எனக்கும் ஆசைதான்.

நேற்று விடியற்காலை
வரப்பில் கால் நனைந்தது. மழையில்லை.
இலந்தை முள்ளில் சிலந்தி வலை
வெள்ளையாய்க் கனத்துத் தொங்கியது.
அக்கரை இல்லை.
பாலத்தில் பஸ்ஸின் விளக்கு மட்டும்
பஸ் இல்லாமல் நகர்ந்தது.

மேகம் விட்டுப்போன ராத்திரியில்தான்
இங்கே பனி இறங்கும்.
நீங்கள் பனி போனதும் நடுகிறீர்கள்,
நாங்கள் பனி வந்ததும்.
ஒரே சொல்தான் ஜெசிந்தா,
கதவு வேறு பக்கம் திறக்கிறது.

ஒரு ராத்திரிப் பனியை நம்ப மாட்டேன்.
மூன்று வேண்டும். ஏன் மூன்று என்று கேட்காதே.
இன்றைக்கு இரண்டாவது முடிந்தது.

சாப்பிட்ட தட்டைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து,
கொட்டகைக் கூரைமேல் வைத்துவிட்டு வந்தேன்.
காலையில் அதில் விரலால் பேர் எழுத முடிந்தால்
ஒன்பது பெண்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

சவரிமுத்து தூங்கிவிட்டார்.
கிழக்கே எங்கோ மின்னியதுபோல் இருந்தது.
வெல்டிங் பட்டறையாக இருக்கலாம்.