பல்லி வரும் வரைக்கும் வாடகை

சீல் பிரித்த மறுவாரம்
அன்வர்தீன் பூட்டைத் திறந்துவிட்டு
வாசலிலேயே நின்றுகொண்டார்.
"நீங்க பாருங்க மேடம், எனக்கு தூசி ஒத்துக்காது."

கொடுங்கையூரில் முப்பத்தெட்டு லட்சம் போகிற வீடு
இருபத்தொன்பதுக்கு.
மீதி ஒன்பது எங்கே போயிற்றென்று
முகர்ந்து பார்க்கத்தான்
இருதயம் மேஸ்திரியோடு வந்தேன்.

அடுக்களைச் சுவரெல்லாம் டீ சிந்திய மஞ்சள்.
பாத்திரத் தொட்டியின் அடி
அரித்துச் சல்லடையாகி இருந்தது.
பூனை மூத்திர வாடை.
"பூனை இருந்த தடமே இல்லியேம்மா."

பெயிண்ட் அடித்தால்?
"அடிக்கலாம். ஐப்பசி மழைக்குக் கக்கிடும்.
செவுரு குடிச்சிருக்கு.
குடிச்சவன் எந்நாளும் சும்மா இருந்திருக்கானா?"

செங்கல் தெரியக் கொத்த, திரும்பப் பூச,
ஜன்னல், வயரிங், சம்ப்பைக் கழுவ மூன்று ஆள்
(முகமூடிக்குத் தனிக்கூலி)
கரண்ட் பில்லின் முதுகில் எழுதிக்கொண்டே போனேன்.
தண்ணீர் சோதிக்க நாலாயிரம் கேட்ட லேப்காரர்
எதைத் தேடணும் என்று
என்னையே கேட்டார்.

கொத்திய காரையை எங்கே கொட்டுவது?
மேஸ்திரி கை எதிர்க் குப்பைமேட்டுக்கு நீண்டு
பாதியில் மடங்கியது.
"அங்க போட்டா பொகையா இங்கயேதான் வரும்."

ஆறு லட்சத்து நாற்பது.
போனில் ஞானமணிக்குச் சொன்னேன். சிரித்தார்.
"இருபது வருஷமா மணலிக் காத்தை உள்ள வாங்கியிருக்கோம்.
நம்ம நெஞ்சைக் கொத்திப் பூச எவ்ளோ ஆகும்னு
அவரையே கேளு."
நான் கேட்கவில்லை.

மாடிக் கதவின் பின்னால்
பென்சிலில் பால்கணக்கு.
நான்கு எழுத்துகள், நான்கு கையெழுத்து,
யார் எத்தனை நாள் என்று கோடுகள்.
கடைசி வரி: பாக்கி 412.
பில்லில் அதையும் சேர்த்தேன்.
மேஸ்திரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கீழே வந்து "இருபத்திரண்டு" என்றேன்.
விலை சொன்ன வாய் மூடுமுன்
எந்த வீட்டிலும் ஒரு பல்லி சொல்லும்.
ட்யூப்லைட்டைப் பார்த்தேன். காலண்டர் ஆணியைப் பார்த்தேன்.
ஒரு எச்சம்கூட இல்லை.

"அதையும் எழுதிக்கங்க" என்றார் இருதயம்,
"பல்லி வர்ற வரைக்கும் வேற எடத்துல வாடகை."

மாதம் ஒன்பதாயிரம் என்று எழுதி
பெருக்கல் குறி போட்டு
பக்கத்தில்
இடம் விட்டிருக்கிறேன்.