பாக்கி

இரவு எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்கு இறங்கும் டியூட்டி.
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
இருபது படுக்கை ஆஸ்பத்திரி.
எக்ஸ்ரே அறையில் நானும் ஈய அங்கியும்.
விபத்து வராத இரவுகளில்
வேறொரு படத்தைத் திறப்பேன்.

தலைகீழாக்கிய வானம் அது.
வெள்ளைத் துணியில் மிளகு சிந்தியதுபோல் நட்சத்திரங்கள்.
பூமிக்கு அந்தப் பக்கம், மழையே காணாத மலையொன்றில் எடுத்து
யார் வேண்டுமானாலும் தேடுங்கள் என்று அனுப்புகிறார்கள்.
தொலைநோக்கியில் நான் கண் வைத்ததே இல்லை.
இங்கே ஐப்பசி அடைமழை,
ஊருணி படி மறைய நிரம்பிக் கிடக்கிறது.

ஒரே இடம், ஒரு மணி இடைவெளி, மூன்று படம்.
மாற்றி மாற்றித் தட்டுவேன்.
அசையாததெல்லாம் நட்சத்திரம்.
கோடு போட்டு ஓடுவதெல்லாம் பக்கத்துக் கற்கள்,
அவை யாருக்கோ.
எனக்கு வேண்டியது
சற்றே தள்ளி உட்காரும் ஒன்று,
நெப்டியூனுக்கு அப்பால்
பேர் வைக்க ஆளில்லாத பனிக்கட்டி.
அந்தத் தள்ளலிலும் முக்கால்வாசி
அது நகர்ந்ததல்ல,
நாம் நகர்ந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே எழுபது அறை வீடு. பூட்டு.
காவலாளி மட்டும் டார்ச்சோடு சுற்றுவார்.
எந்த ஜன்னலில் வெளிச்சம் வருமென்று
அவருக்கே தெரியாது.

கார்த்திகைக்குக் கொஞ்சம் தெற்கே, ஆயிரத்துச் சொச்சமாவது சதுரத்தில்
அது உட்கார்ந்திருந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி தட்டினேன்.
கணக்குப் போட்டால்
சூரிய வெளிச்சம் அதைத் தொட ஆறு மணி நேரம்,
தொட்டது நம்மிடம் வர இன்னொரு ஆறு.
என் டியூட்டி அளவு.

அன்று விடியற்காலையில்தான் சாத்தையா வந்தார்.
காரைக்குடி வண்டிக் கண்டக்டர், பத்து நாள் இருமல்.
மூச்சை இழுத்துப் பிடிங்க. விடாதீங்க. விடுங்க.
இடது மேல்மூலையில் உளுந்தளவு நிழல்.
சொல்லும் உரிமை எனக்கில்லை.
கவரில் போட்டுக் கொடுத்தேன்.
ஆறு வாரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொன்னார்
டாக்டர் ஹமீதா.

என் புள்ளிக்கும் அதே தவணை.
மறுநாள் இரவு அந்த மலையிலும் மேகம் வந்துவிட்டது,
அதற்கடுத்து நிலா.
மூன்று புள்ளியை வைத்துப் பாதை வரைந்தால்
நுனி விரிந்துகொண்டே போகிறது,
ஆறு வாரத்தில் அது இருக்கக்கூடிய இடம்
வலை வீசினாலும் அடங்காது.

மார்கழியில் புதுப்படம் வந்தது.
நான்கு இரவு தேடினேன்.
ஒரு பிரகாசமான நட்சத்திரத்தின் கண்கூச்சத்துக்குள் போயிருக்கலாம்.
இல்லை, மூன்று தூசி தற்செயலாக வரிசையில் நின்றிருக்கலாம்.
பட்டியலில் அதன் நேரே
தொலைந்தது என்று போட்டார்கள்.
சுற்றி வர முந்நூறு வருஷம்.

சாத்தையாவின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன்.
பழக்கதோஷம்,
கண் ஒன்றுக்கொன்று தாவித் தாவித் தட்டிப் பார்த்தது.
அதே இடம். அதே உளுந்து.
இம்மி நகரவில்லை, இம்மி வளரவில்லை.
வாழ்நாளில் முதன்முறையாக
அசையாத புள்ளியைப் பார்த்துக்
கைகூப்பத் தோன்றியது.
பழைய தழும்பு, பயமில்லை என்றார் டாக்டர்.

மறுவாரம் அவர் வண்டியில்தான் காரைக்குடிக்கு ஏறினேன்.
நூறு ரூபாய் நீட்டினேன்.
சில்லறை இல்லை என்று டிக்கெட்டின் முதுகில்
மூணு என்று கிறுக்கித் தந்தார்,
இறங்கும்போது கேளுங்க.

தூங்கிவிட்டேன். கேட்காமல் இறங்கிவிட்டேன்.
படியில் தொங்கியபடி அவர் கையைத் தூக்கிக் கூப்பிடுகிறார்,
என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.
செம்மண் தெறிக்க
இந்த முறை
பஸ்தான் நகர்ந்தது.