எட்டுக்கு நான்கு

சர்வேக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்றதும்
சனிக்கிழமை சாயங்காலம் சயானிலிருந்து
பிளைவுட் இரண்டு வாங்கி வந்தேன், கடனுக்கு.
எட்டுக்கு நான்கு.
தாராவிச் சந்துக்குள் கைவண்டி நுழையாது.
ஒவ்வொன்றாய்த் தலைமேல் தூக்கி
நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன்.

எங்கள் வீடு எட்டடி அகலம், இருபதடி நீளம்.
முன்சந்துக்கு ஒரு வாசல், பின்சந்துக்கு ஒரு வாசல்.
நடுவில் நிறுத்தினால்
இரண்டு பலகையும் இம்மி பிசகாமல் பொருந்தின.
ஆண்டவரே, உம்முடைய சித்தம் என்றே எடுத்துக்கொண்டேன்.
புத்தாண்டு நள்ளிரவில் எங்களுக்கு விழுந்த வாக்குத்தத்த அட்டையும்
எல்லை விரியும் என்றுதானே சொன்னது?

பின்பக்கம் இனிமேல் மச்சான் இஸ்ரவேலின் வீடு.
அவன் பெயரில் ஒரு பழைய ரேஷன் அட்டை,
முன்தேதியிட்ட வாடகைச் சீட்டு.
இரண்டு வீடு, இரண்டு ஃபிளாட்.
பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை,
அட்ஜஸ்ட் என்றார்கள்.
ஜெபக்கனி அதுவும் சொல்லவில்லை.
நான் கேட்கும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்து
ஓர் ஆணி தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில்
வழக்கத்தைவிடச் சத்தமாய்ப் பாடினேன்.
ராத்திரி, சோறு இந்த வீட்டில்.
கருவாட்டுக் குழம்பு அந்த வீட்டில்.
கிண்ணத்தோடு முன்வாசலில் இறங்கி,
பொதுக்குழாய், கோழிக்கடை, மைதீன் பாய் பட்டறை சுற்றி
பின்வாசலில் போய் நின்றேன்.
குழம்பு ஆறிவிட்டிருந்தது.
ஃபேன் அவர்கள் பக்கம்,
டியூப்லைட் என் பக்கம்.
ஒன்பது மணி ஜெபத்தில் பலகைக்கு அந்தப்புறம்
"எங்கள் வீட்டை ஆசீர்வதியும்" என்றாள் ஜெபக்கனி.
"எந்த வீட்டையம்மா?"
செரூபா விளையாட்டாய்த்தான் கேட்டாள்.
ஆமென் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பொருளாசை என்றால்
மலபார் ஹில்லில் கடல் பார்க்க நிற்கும் மாளிகை
என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.
ஐசுவரியவான்களைக் குறித்துப் பிரசங்கம் வந்தால்
முதல் ஆமென் என்னுடையதாயிருக்கும்.
அது ஒட்டுப்பலகையாயும் வரும்,
என் தலையிலேயே ஏறி வரும் என்று
யார் கண்டது?

அவர்கள் கோபுரம் கோபுரமாய் எடுக்கும்போது
நான் ஒரு பலகை எடுத்தால் என்ன?
நியாயமான கேள்விதான், ஆண்டவரே.
நியாயமாய் இருப்பதால்தான் தூக்கம் வரவில்லை.
மாடியில் வாடகைக்கிருக்கும் லாத்தூர்க்காரர்கள்
கணக்கிலேயே வரமாட்டார்களாம்.
அவர்கள் குழந்தை
என் தலைக்குமேல் இருமிக்கொண்டே இருந்தது.

நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம்.
எழுந்து குடத்தை எடுக்கப் போனவன்
சுத்தியலை எடுத்தேன்.
மூன்றாவது ஆணி கழன்றதும் பலகை அந்தப் பக்கம் சாய்ந்தது.
விழவில்லை.
இருட்டில் இரண்டு கைகள் அதைத் தாங்கியிருந்தன.
எவ்வளவு நேரமாய் அங்கே நின்றாளோ.

டேப்லெட் வைத்திருந்த பெண் இந்தியில் கேட்டாள், எத்தனை வீடு?
"ஏக்" என்றேன்.
அதைச் சொல்லத் தொண்டையை இரண்டு தடவை செருமவேண்டியிருந்தது.
லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்த இஸ்ரவேல்
டீயைக் குடிக்காமலே போனான்.
இன்றுவரை பேச்சில்லை.

பிளைவுட்டைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்.
ஒன்று செரூபாவுக்குப் படிக்க மேஜை.
மற்றது சுவரோடு சாய்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
கடனில் இன்னும் ஆயிரத்து இருநூறு பாக்கி.
சில ராத்திரிகளில் மனம் அந்த இரண்டாவது ஃபிளாட்டுக்குள் போய்
ஜன்னல் திறந்து பார்த்துவிட்டு வரும்.
போதும் என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது.
உள்ளே இறங்க நாளாகும்போல.

நேற்றுச் சாப்பிடும்போது குழம்பு கேட்டேன்.
ஜெபக்கனி எழுந்திருக்கவில்லை.
உட்கார்ந்தபடியே கை நீட்டினாள்.
சூடாயிருந்தது.