இருபத்தைந்து விநாடி

ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து சிவமலர் படம் அனுப்பியிருந்தாள்.
மீன் தொழிற்சாலைக் கூரைக்கு மேல்
பச்சையாய் ஒரு வெளிச்சம்,
அலசிக் கொடியில் போட்ட சேலை போல.
ஓரம் மட்டும் ஊதா.
கீழே எழுதியிருந்தாள்:
"நம்பாதை. வெறுங்கண்ணுக்கு இது சாம்பல் நிறம்தான்.
பச்சை எண்டு சொல்லுறது கமரா.
இந்த வாசல் லைட்டை நூத்தச் சொல்லி
ரெண்டு வருசமாக் கேக்கிறன்."

நான் நிற்பது சாம்பல்தீவில்.
பெயருக்கும் அவள் வானத்துக்கும் தொடர்பில்லை.
என்றாலும் சிரித்துக்கொண்டேன்.

ஆனி அமாவாசை. கச்சான் ஓய்ந்து அரை மணி.
பகலெல்லாம் கல்யாண வீட்டில்
மாப்பிள்ளையின் மாமாமாரை வரிசையில் நிறுத்திய கமரா.
அதன் கழுத்தில் இப்போது ஒரு பழைய சப்பாத்துக் காலுறை,
உள்ளே வறுத்த மணல்.
சூடு இருக்கும்வரை கண்ணாடியில் பனி பிடிக்காது.

பால்வீதியின் தடித்த பாகம் தெற்கில்தான் நிமிரும்.
தெற்கில்தான் ஊர்.
உப்புவெளி ஹோட்டல்கள் தென்னைக்குக் கீழிருந்து
தென்னையின் தலைக்கு அடிக்கும் விளக்குகள்,
அதற்கப்பால் மாவு ஆலை, துறைமுகம், கோணமலை,
போன வருடம் நகரசபை மாற்றிய
வெள்ளை வெள்ளை வீதி விளக்குகள்.
எல்லாம் கலந்து
நீர் விட்ட மோர் மாதிரி ஒரு வானம்.
அதற்குள் கேட்டை மட்டும் சிவப்பாய்க் கிடக்கிறது,
அணைக்க மறந்த பீடி.

டோர்ச் அடித்துக்கொண்டு ஒருவன் வந்தான்.
நேவி. பெயர்ப்பட்டியில் அசேல.
"மொனவத?" என்றான்.
விரலை மேலே காட்டினேன்.
அவனும் மேலே பார்த்தான், நெடுநேரம்,
அங்கே ஏதும் பறக்கிறதா என்று.
பிறகு திரையைப் பார்த்தான்.
கண்ணுக்கு இல்லாத ஆயிரம் புள்ளிகளை
பெருவிரலால் பெரிதாக்கினான், சிறிதாக்கினான்.
தன்னையும் ஒன்று எடு என்றான்.

அசையாதே என்றேன். இருபத்தைந்து விநாடி.
பதினான்காவதில் வோக்கி டோக்கி கரகரத்தது.
நகர்ந்துவிட்டான்.

படத்தில் காற்சட்டை இருந்தது, இடுப்புப் பட்டி இருந்தது.
நெஞ்சு இருந்த இடத்தில்
மூலத்தின் வால் நட்சத்திரங்கள் ஐந்து.
எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான்.
அவன் சிரிக்கவில்லை.
"மகனென்று அம்மாவுக்கு அனுப்ப முடியாது" என்றான்,
அரைத் தமிழில்.
அழிக்கச் சொன்னான். அழித்தேன்.
ஆளுக்கு ஊடாக வானம் தெரிகிற படங்கள்
இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் என்று
நான் சொல்லவில்லை. மொழியும் போதாது.
போகும்போது டோர்ச்சை நூத்துவிட்டு
மணலில் தடவித் தடவிப் போனான்.

ஒரு மணிக்குக் கிழக்கே திருப்பினேன்.
அடிவானத்தில் பச்சை!
ஒரு கணம் நெஞ்சு நின்றது.
முகிலின் வயிற்றில் பச்சை, நீட்டு நீட்டாக,
அவள் அனுப்பிய அதே பச்சை.

வெளிச்சம் பாய்ச்சும் போட்டுகள். ஏழெட்டு.
தடைசெய்த தொழில்;
அதனால்தான் அவ்வளவு தூரத்தில், அவ்வளவு பிரகாசமாய்.
வலைக்கு மேலே விளக்கைக் காட்ட
நட்சத்திரமென்று நினைத்தோ என்னவோ
மேலே வருகிற சூடைகள்.
நாலு மணிக்குக் கரையில் கூடை,
ஆறு மணிக்கு என் சட்டியில்.
திட்டிக்கொண்டேதான் தின்கிறேன்.

படத்தைச் சிவமலருக்கு அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல்.
அங்கே இப்போது சூரியன் மறையாத மாதம்;
கறுப்புத் துணியால் ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்குவாள்.
ஆனாலும் உடனே பதில்:
"அங்கையுமா?"

ஓம் என்று எழுதி அழித்தேன்.
மீன் என்று எழுதி அழித்தேன்.

கடைசிப் படம் எப்போதும் மூடி போட்டு எடுப்பது.
கமரா தன் பாட்டில் இரைகிற இரைச்சலை
பிறகு மற்றப் படங்களிலிருந்து கழிப்பதற்கு.
மூடினேன். அழுத்தினேன்.
காலுறை ஆறிப்போயிருந்தது.
ஊர் எரிந்துகொண்டிருந்தது, கடல் எரிந்துகொண்டிருந்தது.
இருபத்தைந்து விநாடிக்கு
எங்களிருவருக்கும் நல்ல இருட்டு,
எனக்கும் கமராவுக்கும்.
நான் கண்ணை மூடியிருந்தேன்.