மூன்றாவது குழியில் ஒரு சென்ட்

டுலூத்தில் ஏரிக்காற்று கதவை உதைக்கும் நவம்பர்.
மார்லிஸ் டோர்வினென் அழைத்தாள்:
டோஸ்டர் போட்டால் கூடத்து விளக்கு
கண் சிமிட்டுகிறதாம்.

நிலவறையில் துருவேறிய பெட்டி.
மூன்றாவது ஃபியூஸைத் திருகி எடுத்தேன்.
பின்னால், கருகி, ஒரு செப்புக் காசு.

"ஹார்லன் வேலை," என்றாள் படியில் நின்றபடி.
"அடிக்கடி கடைக்கு யார் ஓடுவது என்பார்."
இருபத்தாறு குளிர்காலம்
இதற்கு நேர்மேலேதான் அவர்கள் படுக்கை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சுவருக்குள் துணி சுற்றிய கம்பி
தொட்டதும் உதிர்ந்தது, காய்ந்த ரொட்டி மாதிரி.

இரண்டு நாள் வேலை. புதுப் பலகை,
பிரேக்கர்களுக்கு அருகே பென்சிலில் அறைப் பெயர்கள்.
ஒன்றைத் தட்டிக் காட்டினேன்:
"விழுந்தால் விழட்டும். அதற்குத்தான் இது."

பில்லை இருமுறை படித்தாள்.
காசை நீட்டினேன்; வாங்கவில்லை.
"ஒரு சென்ட் கழித்துக்கொள்."

கழித்தேன்.