ஊருக்கொரு நீலம்

வால்டிவியாவில் ஜூன் மழை
ஜன்னலை விடாமல் அடிக்கிறது.
இஸ்மேனியா இருபத்தேழு கோப்புகளைத்
திறந்து வைத்திருக்கிறாள்.
கடல் எழுந்து வந்தால்
எந்தத் தெருவில் ஏறி எங்கே போய் நிற்பது:
கரையோர ஊர்களுக்கான வரைபடங்கள்.

இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன்
எல்லாவற்றையும் கண்ணளவில் கலந்தவன்.
நியெப்லாவுக்கு ஒரு நீலம்.
கோரலுக்கு இன்னொன்று, சற்றே சோர்ந்தது.
மெகுயினில் கடல் கிட்டத்தட்ட ஊதா.
ஒரே பசிபிக்தான்,
படகில் அரைமணி நேரம் போவதற்குள்
வேறு சமுத்திரமாகிவிடுகிறது.

அபாயச் சிவப்பில் மட்டும் பதினொன்று.
எண்ணியே பார்த்துவிட்டாள்.
சில சிவப்புகள் ஓடச் சொல்கின்றன.
சில, கொஞ்சம் யோசித்துவிட்டு ஓடச் சொல்கின்றன.
லோஸ் மோலினோஸ் சிவப்போ
பிறந்தநாள் கேக் மேல் வைத்த செர்ரி.

வெற்றுக் கோப்பொன்றில் ஆறு கட்டங்கள் வரைந்தாள்.
சிவப்பு என்று எழுதவில்லை,
'அலை தொடும்' என்று எழுதினாள்.
பச்சைக்கு 'இங்கே நில்'.
வெள்ளை அம்புகளுக்கு 'ஏறு'.
கடல், வீடு, எழுத்து
இந்த மூன்றுக்கும் வேறு பெயர் தேவைப்படவில்லை.
சேமித்து, மென்பொருளை மூடித் திறந்தாள்.
எந்தக் கோப்பைத் திறந்தாலும்
திரையின் அடியில்
அதே ஆறு பேர், அதே வரிசையில்,
பேருந்துக்கு நிற்பதுபோல.

பிறகு பதினாறு நாள்.
ஒவ்வொரு மேடாக, ஒவ்வொரு அம்பாகத் தொட்டுத் தொட்டு
பெயரோடு கட்டிப்போட்டாள்.
காப்பி ஆறிப்போனது.
அதன் பழுப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை.

அச்சுக்குப் போகும் வாரத்தில் தொலைபேசி.
மெகுயின் நகராட்சியிலிருந்து எலெயுதெரியோ கத்ரிலெஃப்.
"அழகாக இருக்கிறது, அம்மணி.
ஆனால் ஓட வேண்டிய இடமும் நிற்க வேண்டிய இடமும்
எனக்கு ஒன்றுபோலத் தெரிகிறது."
பிறவியிலேயே அப்படித்தான் என்றார், சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
அந்த மனிதருக்கு
அவளுடைய பச்சை
பச்சைப் பொய்.

பட்டியலில் எண்ணை மாற்றினாள்,
பாலாடைபோல ஒரு வெளிர்மஞ்சள்.
கோப்புகள் அசையவில்லை.
கொடுத்த நிறம் கொடுத்ததுதான்,
கொடுத்த கையை அது திரும்பிப் பார்ப்பதில்லை.
ஆனால் ஒவ்வொரு கோப்புக்குள்ளும்
'இங்கே நில்' என்ற பெயரைத் தொட்டு மாற்றினால்
அந்த ஊரின் மேடுகள் எல்லாம்
ஒரே நொடியில் வெளுத்தன.
இருபத்தேழு ஊர், இருபத்தேழு சொடுக்கு.
மாலைக்குள் முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தாள்.
கோரலில், பள்ளிக்கூடத்தின் பின்னால்
நகக்கண் அளவு ஒரு மேடு
பச்சையாகவே நின்றது.
முன்னவனின் கண்ணளவு.
எந்தப் பெயருக்கும் கட்டுப்படாதது.
நாற்பது குழந்தைகள் நிற்கக்கூடிய இடம்,
எலெயுதெரியோவின் கண்ணுக்கு
அலைக்குள்.

அன்றிரவு முதலிலிருந்து ஆரம்பித்தாள்,
இருபத்தேழையும், பெரிதாக்கி, மூலை மூலையாக.
வேறெதுவும் கிடைக்கவில்லை.
கிடைக்காதது நிம்மதியாகவும் இல்லை.

ஜனவரியில் கோரல் படகுத்துறையில்
பலகையைப் பார்க்கப் போனாள்.
வறுத்த எம்பனாதா தின்றபடி
அதன் மேல் சாய்ந்திருந்தான் ஒருவன்.
விலகச் சொன்னாள்.
கைப்பையிலிருந்து ஆறு நிறக் காகிதத்தை எடுத்து
பலகையோடு ஒட்டிப் பிடித்தாள்.

சாயம் வெளுத்திருந்தது.
ஐந்தே மாதத்தில்
'அலை தொடும்' ரோஜா இதழாகி
'இங்கே நில்' பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.
வெயிலிடம் பட்டியல் இல்லை,
அதுவும் கண்ணளவில்தான் கலக்கிறது.

"என்ன, தப்பாக அச்சடித்துவிட்டார்களா?" என்றான் தின்றுகொண்டிருந்தவன்.
பதில் சொல்லாமல் அவள்
காகிதத்தின் பின்பக்கம் எழுதினாள்:
சிவப்பு, ஐந்து மாதம்.
கீழே ஏழாவதாக ஒரு கட்டம் போட்டாள்.
என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல்
நிற்கையில்
படகு ஊதியது.