முக்காலில் ஒரு முள்

படகோனியாவில் காற்றுக்கு விடுமுறை இல்லை.
கதவைத் திறந்தால் கீலோடு பிய்த்துக்கொண்டு போகும்.
அதனால் டெல்மிரா தன் பழைய பெஜோவை
மூக்கு மேற்கே பார்க்கத்தான் நிறுத்துவாள்.

அன்று அது தானாக நின்றது.
மூக்கு தெற்கே. முள் முக்காலில்.

பின்சீட்டில் ஆட்டுச் சொறிக்கான மருந்துப் பெட்டி.
நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அவளுக்காகப்
பட்டியில் அடைத்துவைத்த அறுநூறு ஆடுகள்.
கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள்.
முக்கால்.
கெட்ட வார்த்தையில் திட்டினாள். முக்கால்.
இறங்கிப் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கினாள்,
டேங்குக்குள் ஒரு சொட்டுச் சத்தமில்லை.
முள் மட்டும்
வயிறு நிறைந்தவன்போல் சாய்ந்து கிடந்தது.

மூன்று மணிநேரம் கழித்து
கம்பளி மூட்டைகளோடு ஒரு ஃபோர்டு பிக்கப்.
ஓட்டிவந்த நவுவெல்கிர்
ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி
ஐந்து லிட்டர் இறக்கினான்.
துப்பிவிட்டுச் சொன்னான்:
"என் வண்டியில் பதினோரு வருஷமாகக் காலி.
ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை, முதலில் ஃபியூஸ். நன்றாகவே இருந்தது.
பிறகு எர்த் ஒயர். துருவைச் சுரண்டி இறுக்கினாள்.
முக்கால்.
டேங்குக்குப் போகும் ஒயரைக் கழற்றினாள்,
பொத்தென்று விழுந்தது முள்.
அப்படியானால் முள்மீது குற்றமில்லை.
சொல்லிக்கொடுப்பது கீழே யாரோ.

டிக்கி விரிப்புக்கடியில் வட்ட மூடி.
திருகி வெளியே எடுத்தால்
கரண்டிக்காம்புபோல் ஒரு கம்பி, நுனியில் மிதவை.
பழைய பெட்ரோலின் பிசின் காய்ந்து
அச்சைக் கவ்வியிருந்தது.
டேங்க் முக்காலாயிருந்த ஏதோ ஒரு நாளை
விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

தின்னர், தேய்ந்த பல்துலக்கி, அரைமணி நேரம்.
கம்பியை அவள் மெல்ல உயர்த்த
முன்சீட்டிலிருந்து தம்பி எலிசேயோ கத்தினான்:
"கால்! ... அரை! ... ஏய், முக்கால்!"
ஏலம் விடுகிறவன் தோற்றான்.

அவன் கால்பந்து பார்க்கப் போனபிறகு
ஐந்தைந்து லிட்டராக ஊற்றினாள்.
ஒவ்வொரு ஊற்றுக்கும் போய்ப் பார்த்து
முள் நின்ற இடத்தில், கண்ணாடிமேல்
சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு கோடு.
கோடுகள் கீழே அகன்று, மேலே நெருங்கி வந்தன.
டேங்கின் இடுப்பு அப்படி.
அரை என்று முள் சொல்லும்போது
உள்ளே அரை இல்லை.
இத்தனை நாள் பாதி வழியில் அவள் பட்ட நிம்மதி
கணக்கில் வராத நிம்மதி.

இன்னொன்றும் தெரிந்தது.
முதல் ஐந்து லிட்டருக்கு முள் அசையவே இல்லை.
காலிக்குக் கீழே
எந்த எழுத்தும் இல்லாத ஐந்து லிட்டர்.

வெள்ளிதோறும் காரை இரவல் கேட்பவன் எலிசேயோ.
முள் படுக்கும்வரை ஓட்டித்தான் திருப்பிக் கொடுப்பான்.

நெயில்பாலிஷை ஊதிக் காயவைத்தாள்.
எல்லாக் கோடும் போட்டாயிற்று,
அந்த ஒன்றைத் தவிர.